காவடிக்குக் காலியாகும் கராஜ்: வீட்டார் துணையில்லாமல் ஓவியம் வரைவோருக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு தமிழ் வீட்டில் காவடிக்காகக் கராஜ் காலியாகும் வேகத்தைப் பார்த்திருப்பீர்கள். விரதம் தொடங்குமுன்பே கார் தெருவுக்குப் போய்விடும். தரை கழுவி, நீள மேசை போட்டு, மயிலிறகும் சாமந்தியும் எலுமிச்சையும் வந்து இறங்கும். மாமா தன் பக்கியில் (பின்பக்கம் திறந்த சிறு சரக்கு வண்டி) சாமான் ஏற்றி வருவார். பெரியம்மா பூத்தொடுக்க உட்கார்ந்தால் இரவு பதினொன்று ஆனாலும் எழமாட்டார். "இதெல்லாம் எதுக்கு?" என்று ஒருவரும் கேட்பதில்லை. அதே கராஜின் மூலையில் படம் தாங்கும் ஓர் ஈஸலை நிறுத்தி வாரம் இரண்டு இரவு வரைகிற மகளிடம் மட்டும் "இந்தக் குப்பையை எப்போ எடுக்கப்போறே?" என்ற கேள்வி வரும்.

இதை வைத்து அந்தக் குடும்பத்துக்குக் கலை பிடிக்காது என்று முடிவு கட்டுவது தவறு. காவடிக்கு ஒரு நாள் இருக்கிறது. அந்த நாள் கழிந்தால் கராஜ் திரும்பக் கிடைக்கும். யார் எதைச் செய்யவேண்டும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஓவியம் வரைகிறவர் தன் வேலையைப் பற்றி இந்த மூன்றில் ஒன்றையும் வீட்டாருக்குச் சொல்வதில்லை. எப்போது முடியும், எவ்வளவு இடம் பிடிக்கும், தங்களிடம் என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு நம் பெரியவர்கள் வாயில் முதலில் வரும் சொல் "வேண்டாம்" என்பதுதான். அரங்கேற்றத்திலும் இதையே பார்க்கலாம். நாள் குறித்த பரதநாட்டிய அரங்கேற்றத்துக்குக் கடன் வாங்கியாவது செலவு செய்யும் பெற்றோர், அது முடிந்த மறுவாரம் "போதும், இனிப் படி" என்பார்கள்.

அந்த "வேண்டாம்" எங்கிருந்து வருகிறது என்பதையும் மறக்கக்கூடாது. 1860 நவம்பர் 16 அன்று, நம்மவரை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது. அன்றுமுதல் கரும்புத் தோட்டத்தை விட்டு வெளியேற நம் குடும்பங்கள் நம்பிய பெரிய வழி படிப்பு. ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்கியவர்கள்மேல் ஆண்டுக்கு 3 பவுண்டு தலைவரி விழுந்தது. அது 1914-ல்தான் ஒழிந்தது. பல பள்ளிக்கூடங்களைச் சமூகமே காசு திரட்டிக் கட்டியது. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டம் 1950-ல் வந்தபின், டர்பனின் கேட்டோ மேனரில் வீடும் தோட்டமும் கோயிலும் வைத்திருந்தவர்களைப் பெயர்த்துச் சாட்ஸ்வர்த்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். வீட்டைப் பிடுங்கலாம், நிலத்தைப் பிடுங்கலாம், டீச்சர் வேலைக்கான சான்றிதழைப் பிடுங்க முடியாது என்று ஆயாவும் தாத்தாவும் நினைத்ததில் நியாயம் இருக்கிறது. ஆகவே "படம் வரைஞ்சா சோறு கிடைக்குமா?" என்று கேட்கும்போது அவர்கள் உண்மையிலேயே சோற்றைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதற்கு "கலைதான் என் உயிர்" என்று சொன்னால், கேட்ட கேள்விக்கு அது பதில் ஆகாது. "வேலையை விடவில்லை" என்பதே அவர்கள் காதில் விழும் பதில். கேட்டோ மேனரில் 1934-ல் பிறந்த நாடகாசிரியர் ரோனி கோவெண்டரும் ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் வேலை பார்த்தவர்தான்.

எனவே முதல் வேலை, ஒரு நாள் குறிப்பது. பத்து முதல் பன்னிரண்டு வாரம் தள்ளி ஒரு சனிக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். கிளென்வுட்டில் கே.இசட்.என்.எஸ்.ஏ. (குவாசூலு-நடால் கலைச் சங்கம்) காட்சிக்கூடம் உறுப்பினர்களுக்கென்று கண்காட்சி வைக்கிறது. அதன் விண்ணப்பக் கெடு உங்கள் நாளாகலாம். அப்படி எதுவும் கையில் இல்லையென்றால், சொந்தக் கராஜிலேயே பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரை ஆறு படம் வைப்பதும் கண்காட்சிதான். சமையலறையில் தொங்கும் தமிழ் நாள்காட்டியில், அமாவாசையும் கார்த்திகையும் குறித்த அதே தாளில், பேனாவால் எழுதிவிடுங்கள். நம் வீடுகளில் அந்தத் தாளில் ஏறியதற்குத் தனி மதிப்பு உண்டு. ஆடிக் கூழ் ஊற்றும் ஞாயிறு, புரட்டாசிச் சனி, இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போகும் ஈஸ்டர் நாட்கள், தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரம் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். இவற்றோடு மோதினால் தோற்பது உங்கள் படம்தான்.

ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்து எல்லாரும் மேசையில் இருக்கும்போது இரண்டே நிமிடம் பேசினால் போதும்.

"அம்மா, மே மூணாவது சனிக்கிழமை என் படங்களைக் கராஜ்ல வைக்கிறேன். அதுவரைக்கும் செவ்வாயும் வியாழனும் ராத்திரி ஏழரைலேர்ந்து பத்து வரைக்கும் அந்தச் செவத்துப் பக்கம் வேணும். மத்த நாள் கார் உள்ளேயே நிக்கட்டும். செலவு என் சம்பளத்துலேர்ந்து."

வீட்டில் ஆங்கிலத்தில்தான் பேச்சென்றால் ஆங்கிலத்திலேயே சொல்லுங்கள். அதில் நாள், நேரம், இடம், பணம் நான்கும் இருக்கவேண்டும். அனுமதி கேட்கும் குரல் இருக்கக்கூடாது. "நான் ஓவியர் ஆகப்போகிறேன்" என்ற அறிவிப்பும் வேண்டாம். அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் பதிலாகத் தாத்தா காலம் முதல் எல்லாக் கதையும் வரும்.

குறித்த நாள் தள்ளிப்போகக்கூடாது. ஒருமுறை தள்ளிப்போட்டால் அடுத்த முறை நீங்கள் சொல்லும் நாளை யாரும் நம்பமாட்டார்கள். கணக்கைக் குறைத்தே போடுங்கள். வாரத்துக்கு 5 மணி நேரம், 12 வாரம் என்றால் 60 மணி. 40க்கு 50 செ.மீ. அளவில் ஓர் அக்ரிலிக் படத்துக்கு 8 மணி எடுக்கிறீர்கள் என்றால் ஏழு படம் வரும். ஆறு என்று சொல்லுங்கள். மீதி நேரத்தைக் காய்ச்சலும் கல்யாணமும் எடுத்துக்கொள்ளும்.

இனி இடம். வீட்டில் நடக்கும் சண்டைகளில் பாதி கலையைப் பற்றியதே அல்ல. நாற்றம், கறை, அடைத்துக்கொண்ட சிங்க், காய்ந்த தூரிகை கிடக்கும் டீக் கோப்பை, இவைதான் காரணம். இந்தப் புகார்கள் நியாயமானவை. சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நகராட்சி கட்டிய, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில், ஓர் அறையில் வண்ணம் கரைக்கும் டர்பென்டைன் திறந்தால் பக்கத்து வீட்டுச் சமையலறை வரைக்கும் போகும். பூசை அறை எதிரே இருந்தால் கேட்கவே வேண்டாம். எண்ணெய் வண்ணம்தான் வேண்டுமென்றால் தண்ணீரில் கரையும் வகையை வாங்கலாம், அல்லது அக்ரிலிக்குக்கு மாறலாம். மணமில்லாத கரைப்பானிலும் ஆவி உண்டு, நம் மூக்குக்குத் தெரிவதில்லை என்பதுதான் வித்தியாசம். சன்னல் திறந்தே இருக்கட்டும்.

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போடுவது மிக மோசமான பழக்கம். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு கிளம்பும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், நெருப்பே வைக்காமல் தானாகத் தீப்பிடிக்கும். துணியைக் கொடியில் விரித்து வெளியே காயவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் ஊற்றிய, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

தூரிகை கழுவ இரண்டு வாளி. முதல் வாளியில் அழுக்கு போகும், இரண்டாவதில் அலசல். இரவு முழுக்க விட்டால் வண்ணம் அடியில் படியும். மேல் தண்ணீரை மெல்ல இறுத்துவிட்டு, அடிச் சேற்றைப் பழைய செய்தித்தாளில் வழித்துக் குப்பையில் போடுங்கள். அக்ரிலிக் குழாய்க்குள் போனால் பிளாஸ்டிக்காக இறுகிவிடும். பிறகு பிளம்பருக்குக் கொடுக்கும் காசு, ஒவ்வொரு சண்டையிலும் திரும்பத் திரும்ப வரும். சமையலறைப் பாத்திரம் ஒன்றுகூட வண்ணத்துக்குப் போகக்கூடாது. ஈயமோ காட்மியமோ உள்ள வண்ணங்கள் இருக்கும் வீட்டில் இது பிள்ளைகளின் உடல்நலத்தையும் தொடும்.

ஓவியப் புத்தகங்களில் எழுதாத ஒன்று: நல்ல முரட்டுத் தூரிகைகள் பல பன்றி முடியில் செய்தவை. பழைய முறையில் கேன்வாஸுக்குப் பூசும் பசை முயல் தோலில் காய்ச்சியது. புரட்டாசி முழுக்க மரக்கறி மட்டுமே சமைக்கும் வீட்டில், பூசைப் பாத்திரம் கழுவும் குழாயடியில் இவற்றை வைத்திருப்பது அம்மாவுக்கு ஒருநாள் தெரியவரும். அப்போது வரும் கோபத்தைக் கலை மீதான வெறுப்பு என்று எண்ணக்கூடாது. செயற்கை இழைத் தூரிகையும், கேன்வாஸுக்கு அடிப்பூச்சாகும் அக்ரிலிக் ஜெஸ்ஸோவும் வாங்கிவிடுங்கள். வேலையில் பெரிய வித்தியாசம் தெரியாது. மாற்றிவிட்டதை அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவும் வேண்டும்.

வெளிச்சத்தையும் நம் ஊருக்குத் திருப்பிக்கொள்ளவேண்டும். நிலையான, நேர்வெயில் படாத வெளிச்சத்துக்கு வடக்குச் சன்னல் என்று புத்தகங்கள் சொல்வது ஐரோப்பாவுக்குச் சரி. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் நமக்கு அது தெற்குச் சன்னல். ஆனால் அந்தத் தெற்குச் சுவரில் அதிகம் வெயில் படாததால் ஈரம் தங்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை டர்பன் புழுக்கத்தில் அந்தச் சுவரில் சாய்த்த கேன்வாஸின் பின்புறம் பூஞ்சை படரும். தெற்கே பார்த்து வரையுங்கள், படங்களை உள்சுவர் ஓரமாக அடுக்குங்கள். தரையிலிருந்து 10 செ.மீ. உயர இரண்டு மரச் சட்டம் போட்டு, சுவருக்கும் படத்துக்கும் நடுவே ஐந்து விரல் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பழைய பருத்தி விரிப்பு போதும். அடுக்கு ஒழுங்காக இருந்தால் "குப்பை" என்ற சொல் தானாகக் குறைவதையும் பார்க்கலாம்.

வீட்டாரிடம் கருத்து கேட்காதீர்கள், வேலை கொடுங்கள். இந்த முழு விஷயத்திலும் எனக்கு மிக உறுதியாகத் தெரிந்தது இதுதான். பாதி முடிந்த படத்தைக் காட்டி "எப்படி இருக்கு?" என்று கேட்டால், அம்மாவுக்கு அதில் சொல்ல ஒன்றும் இருக்காது. முகம் சரியில்லை என்பார், அல்லது ஒன்றும் சொல்லாமல் அரிசி ஊறவைக்கப் போய்விடுவார். அந்த மௌனம் மனத்தை எத்தனை நாள் அறுக்கும் என்பது வரைகிறவருக்குத்தான் தெரியும். ஆனால் "சனிக்கிழமை காலையில எட்டு மணிக்கு மேசைத்துணி ரெண்டு வேணும்மா" என்று கேட்டால் வெள்ளிக்கிழமை இரவே இஸ்திரி போட்டு மடித்து வைத்திருப்பார். படத்தைத் திரும்பிப் பார்க்காத மாமா பக்கி கொண்டுவருவார். கணக்கு பார்க்கும் அண்ணன் வரவு செலவைச் சரிபார்ப்பார். எந்த உறவினரிடமும் அவரவர் கைப்பழக்கத்துக்கு ஏற்ற, நேரம் குறித்த, ஒன்றே ஒன்றைக் கேளுங்கள். இரண்டு கேட்டால் சுமையாகிவிடும்.

படத்தைப் பற்றிய பேச்சுக்கு வேறு ஆட்கள் வேண்டும். மூன்று பேர் போதும், ஐந்துக்கு மேல் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆளுக்குப் பதினைந்து நிமிடம். முதல் ஐந்து நிமிடம் பார்ப்பவர்கள் கண்ணில் படுவதை மட்டும் சொல்லட்டும், வரைந்தவர் பேசக்கூடாது. பிறகு வரைந்தவர் ஒரு கேள்வி மட்டும் கேட்கவேண்டும்: "இடதுபக்கம் கனமா இருக்கா?" என்பதுபோல. கடைசியில் அடுத்த கூட்டத்துக்குள் எதை முடிக்கப்போகிறோம் என்று ஆளுக்கு ஒரு வரி. இப்படிப்பட்ட குழுக்கள் உடைவது பெரும்பாலும் ஒரு காரணத்தால்: கூட்டம் முழுக்க வீட்டுக் குறை பேசும் இடமாகிவிடும். கூட்டம் தொடங்குமுன் பத்து நிமிடம் அதற்கென்று ஒதுக்கி, கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துங்கள். கூடும் இடம் இல்லையென்றால் நகர மண்டபத்தில் இருக்கும் டர்பன் ஓவியக் கூடத்தில் ஒரு படத்தின் முன் நின்று பேசலாம்.

பணத்தில் ஒரே விதி: வீட்டுப் பணமும் படப் பணமும் கலக்கக்கூடாது. தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து, மாதம் ஒரு நிலையான தொகையைச் சம்பளத்திலிருந்து போடுங்கள். வண்ணமும் சட்டமும் அதிலிருந்து மட்டும். விலை வைப்பதில் நிறையப்பேர் சறுக்குவார்கள். உதாரணத்துக்கு ஒரு பெரிய படத்துக்குப் பொருள் 650 ரேண்ட், சட்டம் 900, 22 மணி நேரம் மணிக்கு 120 வீதம் 2,640; மொத்தம் 4,190. காட்சிக்கூடம் 40 விழுக்காடு எடுக்குமென்றால், 4,190-உடன் 40 விழுக்காட்டைக் கூட்டி 5,866 என்று விலை போடுவார்கள். அதில் 40 விழுக்காடு போனால் கையில் வருவது 3,520 கூட இல்லை. 4,190-ஐ 0.6-ஆல் வகுக்கவேண்டும்: ஏறக்குறைய 6,985. இந்த ஒரு தாளைக் கணக்கு தெரிந்த உறவினர் பார்த்தால், அவருக்கு முதல்முறையாக இது தொழிலாகத் தெரியும். வரி ஆண்டு மார்ச் 1-ல் தொடங்கிப் பிப்ரவரி கடைசியில் முடிகிறது. தொழிலாகப் படம் விற்பவர் ஆகஸ்ட் கடைசியிலும் பிப்ரவரி கடைசியிலும் முன்வரிப் படிவம் (வருமானத்தை மதிப்பிட்டு முன்கூட்டியே வரி கட்டும் படிவம்) தரவேண்டும். ரசீதுகளை ஐந்து ஆண்டு வைத்திருங்கள்.

கோயிலுக்குத் திரை, மச்சினி கல்யாணத்துக்கு மணவறைப் பின்னணி, சித்தப்பா அறுபதுக்கு உருவப்படம். உறவுக்காரர்கள் கேட்கும் இலவச வேலைக்கு ஆண்டுக்கு இரண்டு என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள்; மூன்றாவதுக்கு "இந்த வருஷம் ரெண்டு முடிஞ்சுபோச்சு சித்தப்பா, அடுத்த மார்ச்சுல முதல்ல உங்களுக்குத்தான்" என்று சொன்னால் யாரும் கோபிப்பதில்லை. காசு வாங்கிக்கொண்டு உருவப்படம் வரைந்தால் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். தென்னாப்பிரிக்காவின் 1978 பதிப்புரிமைச் சட்டப்படி, விலை பேசி வரையச்சொன்ன உருவப்படத்தின் பதிப்புரிமை வரையச்சொன்னவருக்குப் போகிறது. உங்களிடம் இருக்கவேண்டுமானால் தொடங்குமுன் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உறவு கெட்டுவிடும் என்று கூச்சப்படுவார்கள். எழுதாமல் விட்டுப் பிறகு கெட்ட உறவுகள்தான் அதிகம்.

கணவனோ மனைவியோ துணை நிற்காதபோது விஷயம் வேறு. அங்கே குறை பெரும்பாலும் மணிக்கணக்கில் இருக்கும்: செவ்வாய் இரவு பிள்ளையைக் குளிப்பாட்டியது யார், மறுநாள் டிபன் கட்டியது யார்? வாரத் தாள் ஒன்றில் இருவருடைய நேரத்தையும் எழுதுங்கள். நீங்கள் ஐந்து மணி எடுத்தால், அவருக்கும் கேள்வி கேட்காத ஐந்து மணி கிடைக்கவேண்டும். தன் பங்குக்குக் கிரிக்கெட்டோ தூக்கமோ எதை வைத்துக்கொண்டாலும் அது அவர் விருப்பம். இந்தச் சமநிலை வந்தபிறகும் ஏளனம் தொடர்ந்தால், அப்போது நேரத்தை விட்டுவிட்டு ஏளனத்தைப் பற்றியே பேசவேண்டும்: "நீ என் படத்தைப் பிடிக்கலைன்னு சொல்லலாம். பிள்ளைங்க முன்னால சிரிக்காதே."

படத்தைக் கிழிப்பது, வண்ணத்தை வெளியே வீசுவது, விற்ற காசைப் பிடுங்குவது, வெளியே போகவிடாமல் தடுப்பது ஆகியவற்றை ஆதரவின்மை என்று சொல்லிக் குறைத்துவிடக்கூடாது. 1998 குடும்ப வன்முறைச் சட்டம் பொருளைச் சேதப்படுத்துவதையும் பணவழி ஒடுக்குமுறையையும் வன்முறையாகவே எண்ணுகிறது. பெற்றோர், துணைவர், ஒரே கூரையின்கீழ் வாழும் உறவினர் யார்மேலும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். வழக்கறிஞர் இல்லாமலே விண்ணப்பிக்கலாம். அந்த அளவுக்குப் போகுமுன், அறிகுறி தெரிந்தவுடனேயே முடிந்த படங்களை நம்பகமான இன்னொரு வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். ஒவ்வொன்றையும் நிழலான வெளிச்சத்தில், கேமரா படத்துக்கு நேராக நிற்க, முன்னும் பின்னும் படமெடுத்துத் தேதியோடு வீட்டுக்கு வெளியே சேமியுங்கள்.

கண்காட்சி நாளன்று வீட்டார் வராமல் போகலாம். வந்தாலும் படத்தின் பக்கம் போகாமல், வந்தவர்களுக்குச் சமோசா எடுத்துக்கொடுத்துக்கொண்டே நிற்கலாம். அன்று மாலை அதைப் பற்றி ஒன்றும் கேட்கவேண்டாம். ஞாயிறு காலை ஆணிகளைப் பிடுங்கி, சுவர் ஓட்டைகளை அடைத்து, காரை உள்ளே விடுங்கள். மேசைத்துணிகளைத் துவைத்து மடித்துக் கொடுங்கள். மாமாவின் பக்கியைப் பெட்ரோல் நிரப்பித் திருப்பி விடுங்கள். அடுத்த சனிக்கிழமை எது என்று நாள்காட்டியைப் புரட்டுமுன் இரண்டு வாரம் கராஜ் கராஜாகவே இருக்கட்டும்.